அம்மாவுக்கு காய்ச்சல் வந்தா தாய்ப்பாலை நிறுத்தணுமா? பால்ல இருக்கிற எதிர்ப்பு சக்தி குழந்தைக்குள்ள போய் என்ன பண்ணுது?

உங்க கேள்வியை முழுசா படிச்சேன்மா. குழந்தைக்கு ரெண்டு மாசம், உங்களுக்கு மூணு நாளா சளி, காய்ச்சல், வீட்டுல எல்லாரும் "பால் கொடுத்தா குழந்தைக்கும் ஒட்டிக்கும், நிறுத்து"ன்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் "தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு தடுப்பூசியே தேவையில்ல, அதுலயே எல்லா இம்யூனிட்டியும் இருக்கு"ன்னு யாரோ சொல்லியிருக்காங்க, எது உண்மைன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல பதிலை சொல்லிடறேன், குழந்தை எந்திரிச்சிட்டா மீதியை நீங்க எப்ப படிப்பீங்களோ தெரியாது. பாலை நிறுத்தாதீங்க. தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீங்க. இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்பாடு மாதிரி தெரியலாம், ஆனா தாய்ப்பால்ல இருக்கிற பாதுகாப்பு குழந்தை உடம்புல *எந்த இடத்துல* வேலை செய்யுதுன்னு புரிஞ்சிட்டா ரெண்டுக்கும் ஒரே காரணம்தான்னு தெரியும். அதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்றேன். பச்சக் குழந்தைங்க வார்டுல ரொம்ப வருஷம் வேலை பார்த்தவ நான், இந்த ஒரு விஷயம் புரியாம எத்தனையோ அம்மாங்க தேவையில்லாம பாலை நிறுத்திட்டு அப்புறம் அழுததை பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா போனாலும் பொறுத்துக்கோங்க.

அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு ஆன்டிபாடி, அதாவது கிருமியை அடையாளம் கண்டு மடக்கற புரோட்டீன், ரெண்டு வழியா வருது. முதல் வழி நஞ்சுக்கொடி. கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல ஐஜிஜி-ங்கற ஆன்டிபாடி உங்க ரத்தத்துல இருந்து நேரா குழந்தை ரத்தத்துக்கு போயிடும். நீங்க வாழ்க்கையில இதுவரைக்கும் என்னென்ன நோயை எதிர்த்து ஜெயிச்சீங்களோ, என்னென்ன தடுப்பூசி போட்டீங்களோ, அதுல நிறைய குழந்தைக்கு சீதனமா வந்துடுது. குறைமாசத்துல பிறக்கிற குழந்தைங்களுக்கு நோய்த்தொற்று சீக்கிரம் வர்றதுக்கு ஒரு காரணம் இந்த கடைசி மாசங்களோட பங்கு அவங்களுக்கு கிடைக்காம போறதுதான். ஆனா இந்த சீதனம் கரைஞ்சிட்டே இருக்கும், ஏறக்குறைய மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை பாதியா குறையும், ஆறு மாசம் ஆகும்போது கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்.

ரெண்டாவது வழி பால். இதுல வர்றது பெரும்பாலும் வேற ஆன்டிபாடி, ஐஜிஏ. இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. பால்ல இருக்கிற இந்த ஐஜிஏ குழந்தையோட ரத்தத்துக்குள்ள போறதே இல்லைன்னு சொல்லலாம். அது வாய், தொண்டை, குடல் இந்த உள்பரப்பு முழுக்க ஒரு பூச்சு மாதிரி படிஞ்சு நிக்குது. கன்னுக்குட்டிக்கு கதை வேற, பசுவோட நஞ்சுக்கொடி ஆன்டிபாடியை கடத்தாது, அதனால கன்னு பிறந்த கொஞ்ச மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிச்சு குடல் வழியா ரத்தத்துக்கு ஏத்திக்கணும். மனுஷக் குழந்தைக்கு ரத்தத்துக்கு வேண்டியதை நஞ்சுக்கொடி ஏற்கனவே கொடுத்துடுச்சு, பால் பாத்துக்கறது வாசலை. குழந்தைக்கு வர்ற நோய்ல பெரும்பகுதி நுழையறது வாய் வழியா, மூக்கு வழியாத்தான், அதனால வாசல்ல காவல் இருக்கறது சின்ன விஷயம் இல்ல.

இந்த ஐஜிஏ சாதாரண புரோட்டீன் மாதிரி இருந்தா வயித்துல ஜீரணம் ஆகி போயிருக்கும். ஆனா பால்ல வர்ற ஐஜிஏ ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்து, மேல ஒரு தனி புரோட்டீன் சுத்திக்கிட்டு வருது, அந்த உறையால வயித்து ஆசிடும் ஜீரண என்சைமும் அதை அவ்வளவு சீக்கிரம் உடைக்க முடியாது. கிருமி உள்ள வந்ததும் அதுமேல ஒட்டிக்கும், ஒண்ணோட ஒண்ணு சேர்த்து கட்டிப்போடும், குடல் சுவரை தொட விடாது, கடைசில எல்லாம் மலத்தோட வெளிய போயிடும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, இது சண்டை போடாம நடக்குது. ரத்தத்துல இருக்கிற மத்த ஆன்டிபாடிங்க கிருமியை பிடிச்சா கூடவே வீக்கம், அழற்சி எல்லாத்தையும் கிளப்பி விடும், பெரியவங்க உடம்பு அதை தாங்கும், ரெண்டு மாசக் குழந்தையோட குடல் தாங்குமா? ஐஜிஏ சத்தமே இல்லாம வாசல்லயே திருப்பி அனுப்பிடுது. பிறந்த குழந்தைக்கு சொந்தமா ஐஜிஏ செய்யற திறமை கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அது மெதுவாத்தான் வரும், அந்த இடைவெளியை நிரப்பறது உங்க பால்.

சரி, எந்த கிருமிக்கு ஆன்டிபாடி செய்யணும்னு மார்புக்கு எப்படி தெரியும்? இது உங்க காய்ச்சலுக்கு நேரடியா சம்பந்தப்பட்டது, அதனால கவனமா படிங்க. உங்க குடல் சுவர்லயும் மூச்சுக்குழாய்லயும் அங்கங்க காவல் நிலையம் மாதிரி திசுக்கள் இருக்கு. நீங்க சாப்பிடறது, மூச்சு விடறது, தொடறது வழியா உள்ள வர்ற கிருமியை அங்க இருக்கிற பி செல்கள், அதாவது ஆன்டிபாடி செய்யற வெள்ளை அணுக்கள், அடையாளம் கண்டுபிடிக்கும். சாதாரண நேரத்துல அதுங்க குடலுக்கே திரும்பிப் போகும். ஆனா பால் கொடுக்கிற காலத்துல மார்பு ஒரு சிக்னல் புரோட்டீனை அனுப்பி அந்த செல்களை தன் பக்கம் கூப்பிடும், அதுங்க ரத்தத்துல பயணம் பண்ணி பால் சுரப்பி பக்கத்துல வந்து உக்காந்து, தான் பார்த்த அதே கிருமிக்கான ஐஜிஏவை பால்ல விட ஆரம்பிச்சுடும். நீங்களும் குழந்தையும் ஒரே வீட்டுல, ஒரே காத்தை சுவாசிச்சுக்கிட்டு, ஒரே கிருமிங்க நடுவுல இருக்கீங்க, அதனால குழந்தைக்கு எந்த கிருமி வர வாய்ப்பு அதிகமோ அதுக்கான ஆன்டிபாடிதான் பால்ல வருது. எந்த டப்பாவுலயும் இதை அடைச்சு விக்க முடியாது, ஏன்னா உங்க வீட்டுல இந்த வாரம் என்ன கிருமி சுத்துதுன்னு டப்பாவுக்கு தெரியாது.

இப்ப உங்க காய்ச்சலுக்கு வருவோம். சளி வைரஸ் உள்ள வந்த அன்னைக்கே உங்களுக்கு தெரியாது, மூக்கு ஒழுகறதுக்கு முன்னாடியே நீங்க அதை பரப்ப ஆரம்பிச்சிருப்பீங்க, அப்பவே குழந்தையை தூக்கினீங்க, கொஞ்சினீங்க, பக்கத்துல படுத்தீங்க. அதாவது குழந்தைக்கு கிருமி ஏற்கனவே போயிருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண சளியும் ஃப்ளூவும் பால் வழியா பரவறது இல்ல, தும்மல், இருமல், கை வழியாத்தான் பரவுது. உங்க உடம்பு இந்த வைரஸுக்கு ஆன்டிபாடி செஞ்சு பால்ல அனுப்ப ஆரம்பிக்கிற நேரம் பார்த்து நீங்க பாலை நிறுத்தினா, கிருமி மட்டும் குழந்தைகிட்ட இருக்கும், எதிர்ப்பு வராது. அதோட திடீர்னு நிறுத்தினா பால் கட்டிக்கும், மார்பு வீங்கி வலிக்கும், உங்க காய்ச்சல் இன்னும் ஏறும், சுரப்பும் குறையும். கோவிட் வந்தப்பவும் உலக சுகாதார நிறுவனம் இதையேதான் சொன்னது, மாஸ்க் போட்டு கை கழுவிட்டு பால் கொடுங்க, நிறுத்த வேண்டாம்னு.

பால் வழியா எதிர்ப்பு சக்தி போகுதுங்கறதை முதல்ல ஒழுங்கா நிரூபிச்சவர் பால் எர்லிக்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி, 1892-ல. எலிகளுக்கு கொஞ்சம் கொஞ்சமா விஷத்தை கொடுத்து பழக்கினார், அப்புறம் பழகாத தாயோட குட்டியை பழகின தாய்கிட்ட பால் குடிக்க விட்டார், அந்தக் குட்டிங்க விஷத்தை தாங்குச்சு. ஆனா எலிக்குட்டிக்கு பால் ஆன்டிபாடி குடல் வழியா ரத்தத்துக்கே ஏறும், நமக்கு அப்படி இல்லைன்னு மேல சொன்னேன் இல்லையா. மனுஷப் பால்ல இருக்கிற ஐஜிஏ ரத்தத்துல இருக்கிறதை விட வேற மாதிரி ஆனதுன்னு லார்ஸ் ஹேன்சன்ங்கற ஸ்வீடன் விஞ்ஞானி 1961-ல காட்டினார். அதுக்கு அப்புறம்தான் பால்ல இருக்கிற ஐஜிஏ ரத்தத்துக்காக வந்தது இல்ல, உள்பரப்பு காவலுக்காக வந்ததுன்னு படிப்படியா புரிய ஆரம்பிச்சது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், "குழந்தையோட எச்சில் காம்பு வழியா உள்ள போய், அதை அம்மா உடம்பு டெஸ்ட் பண்ணி, உடனே அதுக்கேத்த மருந்தை பால்ல அனுப்பும்"னு நிறைய பேர் ஷேர் பண்றாங்க. குடிக்கும்போது கொஞ்சம் பால் பின்னோக்கி குழாய்க்குள்ள போறதை ஸ்கேன்ல பார்த்திருக்காங்க, அது உண்மை. ஆனா அதை வெச்சு மார்பு ஆன்டிபாடி செய்யுதுங்கறது இன்னும் நிரூபிக்கப்படாத யூகம். நிரூபிச்ச வழியே அவ்வளவு அற்புதமா இருக்கு, யூகத்தை எதுக்கு உண்மைன்னு பரப்பணும்?

முதல் சில நாள் வர்ற சீம்பால் பத்தி. மஞ்சளா, கெட்டியா, கொஞ்சமே கொஞ்சம் வரும், அதை பார்த்து "எனக்கு பாலே வரலை"ன்னு பயந்துடுவாங்க. அந்த ஸ்பூன் கணக்குல ஐஜிஏவோட அடர்த்தி அப்புறம் வர்ற பாலை விட பத்து மடங்குக்கு மேல கூட இருக்கும், வெள்ளை அணுக்களும் நிறைய. நாள் போகப்போக அடர்த்தி குறையும், ஆனா பாலோட அளவு கூடிட்டே போறதால குழந்தைக்கு தினமும் கிடைக்கிற ஐஜிஏ பெருசா குறையாது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பால் கொடுக்க ஆரம்பிங்க, முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம், அப்புறம் சாப்பாட்டோட சேர்த்து 2 வயசு வரைக்கும், அதுக்கு மேலயும்னு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்றது சும்மா இல்ல.

ஆன்டிபாடி மட்டும்தான்னு நினைச்சுக்காதீங்க, என்னைக் கேட்டா அதை விட ஆச்சரியமானது பால்ல இருக்கிற ஒரு வகை சர்க்கரை. ஆலிகோசாக்கரைட்னு பேரு, வாய்ல நுழையாத பேர்தான். லாக்டோஸ், கொழுப்பு இது ரெண்டுக்கும் அடுத்தபடியா பால்ல அதிகமா இருக்கிற பொருள் இது, லிட்டருக்கு 5-ல இருந்து 15 கிராம் வரைக்கும், நூத்துக்கும் மேல வகை. இதை குழந்தையால ஜீரணம் பண்ணவே முடியாது! அம்மா உடம்பு அவ்வளவு சக்தியை செலவு பண்ணி குழந்தைக்கு ஜீரணமாகாத ஒண்ணை எதுக்கு செய்யணும்? ஏன்னா அது குழந்தைக்கான சாப்பாடு இல்ல, குழந்தையோட குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு. பிஃபிடோபாக்டீரியம்னு ஒரு கூட்டம், அதுலயும் இன்ஃபேன்டிஸ்ங்கற வகை இந்த சர்க்கரையை சாப்பிடறதுக்குன்னே ஆனது. அது சாப்பிட்டு பெருகி ஆசிட் விடும், குடல் கொஞ்சம் புளிப்பா மாறும், கெட்ட பாக்டீரியாவுக்கு அங்க இடமும் இல்ல, சூழ்நிலையும் ஒத்துக்காது.

அதே சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் இருக்கு. ஓடற பஸ்ல ஏறணும்னா கம்பியை பிடிக்கணும் இல்லையா, அந்த மாதிரி பல கிருமிங்க குடல் சுவர்ல இருக்கிற சர்க்கரைக் கம்பியை பிடிச்சாத்தான் உள்ள ஏற முடியும். பால்ல வர்ற இந்த சர்க்கரைங்க பார்க்கறதுக்கு அதே கம்பி மாதிரி இருக்கும், ஆனா எதுலயும் மாட்டாம மிதந்துக்கிட்டு இருக்கும். கிருமி ஏமாந்து அதை பிடிச்சிக்கிட்டு அதோடயே அடிச்சிக்கிட்டு வெளிய போயிடும். வயித்துப்போக்கை கொண்டு வர்ற கேம்பிலோபாக்டர் மாதிரி கிருமிங்க கிட்ட இதை நல்லா பார்த்திருக்காங்க.

லாக்டோஃபெர்ரின்னு ஒரு புரோட்டீன், அது இரும்புச்சத்தை இறுக்கி பிடிச்சு வெச்சுக்கும், பாக்டீரியா வளர இரும்பு வேணும், கிடைக்காம பட்டினி கிடக்கும். லைசோசைம்னு இன்னொண்ணு, நம்ம கண்ணீர்ல கூட இருக்கு, பென்சிலினை கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி 1922-ல அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதைப் பத்தித்தான் எழுதினார், அது பாக்டீரியாவோட சுவரை உடைக்கும். ரெண்டும் சேர்ந்தா இன்னும் பலம், லாக்டோஃபெர்ரின் சில பாக்டீரியாவோட வெளித்தோலை கலைச்சு விடும், லைசோசைம் உள்ள புகுந்து முடிச்சிடும். பசும்பாலோட ஒப்பிட்டா மனுஷப் பால்ல லைசோசைம் பல நூறு மடங்குக்கு மேல. மாசம் போகப்போக லைசோசைம் கூடத்தான் செய்யுது, அதனால "ஒரு வயசுக்கு அப்புறம் தாய்ப்பால் வெறும் தண்ணி"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஐஜிஏவும் லாக்டோஃபெர்ரினும் ரெண்டாவது வருஷத்துலயும் நல்லாவே இருக்கு.

உயிரோட இருக்கிற வெள்ளை அணுக்களும் பால்ல வருது, அம்மாவுக்கோ குழந்தைக்கோ தொற்று வந்தா அந்த எண்ணிக்கை ஏறறதை அளந்தே பார்த்திருக்காங்க. குடல் சுவர் சீக்கிரம் முதிர்ச்சி அடைய உதவற வளர்ச்சிக் காரணிகளும் வருது. எதை எதிர்க்கணும், எதை விட்டுடணும்னு குழந்தையோட சொந்த எதிர்ப்பு மண்டலத்துக்கு கத்துக்கொடுக்கிற சிக்னல் பொருட்களும் இருக்கு. அதுக்காக அலர்ஜியும் ஆஸ்துமாவும் வரவே வராதுன்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன், அந்த விஷயத்துல ஆராய்ச்சி முடிவுங்க ஒரே மாதிரி இல்ல.

நிச்சயமா தெரிஞ்சது வயித்துப்போக்கும் மூச்சுத் தொற்றும். 2016-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த பெரிய தொகுப்பு ஆய்வுல, உலகம் முழுக்க தாய்ப்பால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒழுங்கா கிடைச்சா வருஷத்துக்கு சுமார் 8 லட்சத்து 23 ஆயிரம் குழந்தைங்க உயிரை காப்பாத்தலாம்னு கணக்கு சொன்னாங்க. வயித்துப்போக்குல பாதி, மூச்சுத் தொற்றுல மூணுல ஒரு பங்கு தடுக்க முடியும்னும் சொன்னாங்க. குறைமாசக் குழந்தைங்களுக்கு குடல் அழுகிப் போற ஒரு கொடூரமான நோய் வரும், ஃபார்முலா, அதாவது டப்பா பால், மட்டும் குடிச்ச குழந்தைங்களுக்கு அது தாய்ப்பால் மட்டும் குடிச்சவங்களை விட 6-ல இருந்து 10 மடங்கு அதிகமா வந்ததை 1990-லயே காட்டிட்டாங்க. அந்த நோய் வந்த குழந்தைங்களை பக்கத்துல இருந்து பார்த்தவ நான். ஒரு கிலோ கூட இல்லாத குழந்தைக்கு சிரிஞ்சில ஒரு மில்லி, ரெண்டு மில்லி தாய்ப்பால் போகும்போது அதோட மதிப்பு என்னன்னு எனக்கு தெரியும்.

இப்ப தடுப்பூசி. பாதின்னு சொன்னேன், மூணுல ஒரு பங்குன்னு சொன்னேன், முழுசுன்னு சொல்லலை, கவனிச்சீங்களா? பால் ஆன்டிபாடி வாசல்ல நிக்குது, ரத்தத்துக்குள்ள இல்ல. அதோட அது உங்க உடம்பு செஞ்சது, குழந்தை உடம்பு செஞ்சது இல்ல, அதனால பால் நின்னா அதுவும் நின்னுடும், ஞாபகமா எதுவும் தங்காது. தட்டம்மை, கக்குவான், டெட்டனஸ், போலியோ இதுக்கெல்லாம் குழந்தையோட சொந்த உடம்பு ஒரு தடவை பாடம் படிச்சு ஞாபகத்துல வெச்சுக்கணும், அந்த பாடம்தான் தடுப்பூசி. நஞ்சுக்கொடி வழியா வந்த ஐஜிஜி கரைஞ்சிட்டு இருக்கிற இந்த மாசங்கள்லதான் ஊசி அட்டவணையும் ஆரம்பிக்குது, அது தற்செயல் இல்ல. கக்குவான் ரெண்டு மூணு மாசக் குழந்தையோட உயிரையே எடுக்கக் கூடியது, தாய்ப்பாலை மட்டும் நம்பி அதுல விளையாடக் கூடாது. வயித்துப்போக்கு வைரஸுக்கான ரோட்டா சொட்டு மருந்துக்கு முன்னாடி பின்னாடி பாலை நிறுத்தணும்னும் இல்ல. ஊசி போடும்போது மார்புல போட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா குழந்தைக்கு வலி குறையும், நர்ஸ்கிட்ட கேட்டு பாருங்க.

பம்ப் பண்ணி கொடுக்கறவங்களும் இதை படிப்பீங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சா 4 நாள் வரைக்கும் நல்லாவே இருக்கும், வெளிய 25 டிகிரி வரைக்கும்னா 4 மணி நேரம். ஃப்ரீஸ் பண்ணா உயிர் அணுக்கள் செத்துடும், ஆனா ஐஜிஏவில பெரும்பகுதியும் அந்த சர்க்கரைகளும் அப்படியே இருக்கும். மைக்ரோவேவ்ல மட்டும் சூடு பண்ணாதீங்க, அங்கங்க கொதிச்சு குழந்தை வாய் வெந்துடும், ஆன்டிபாடியும் கெடும். வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள பாட்டிலை வெச்சா போதும். பால் பத்தாம ஃபார்முலாவும் சேர்த்து கொடுக்கறவங்க மனசு உடையாதீங்க, கொஞ்சம் தாய்ப்பால் போனாலும் அந்த கொஞ்சத்துக்கான காவல் உண்டு. ஒரு சொட்டும் கொடுக்க முடியாதவங்க குழந்தையும் ஃபார்முலாலயும் தடுப்பூசியிலயும் நல்லா வளரும், அப்படி வளர்ந்ததை நான் பார்த்திருக்கேன். "எதை சாப்பிட்டா பால்ல எதிர்ப்பு சக்தி கூடும்"னு கேட்டு பவுடர் வாங்கிட்டு வர்றவங்களுக்கு, ஆன்டிபாடி உங்க உடம்பு பார்த்த கிருமியை வெச்சு வருது, பவுடரை வெச்சு இல்ல. பசிக்கு நல்லா சாப்பிடுங்க.

சில நிலைமைங்கள்ல டாக்டர்கிட்ட கேட்காம கொடுக்கக் கூடாது: எச்ஐவி, சிகிச்சை ஆரம்பிக்காத காசநோய், மார்புல ஹெர்பிஸ் கொப்புளம், புற்றுநோய் மருந்து எடுக்கறவங்க, குழந்தைக்கு கேலக்டோசீமியா (பால் சர்க்கரையை உடம்பு ஏத்துக்க முடியாத பிறவி நோய்). உங்க சளி இந்த லிஸ்ட்ல வராது.

இன்னைக்கு ராத்திரிக்கு நீங்க செய்ய வேண்டியது: பால் கொடுக்கும்போது மாஸ்க், ஒவ்வொரு தடவையும் முன்னாடி சோப்பு போட்டு கை கழுவுங்க, முகத்துல முத்தம் ரெண்டு நாளைக்கு வேண்டாம். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எடுத்துக்கலாம், பால் கொடுக்கறவங்களுக்கு அது ஒத்துக்கும், அளவை மட்டும் தாண்டாதீங்க. மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை வேண்டாம், அது பால் சுரப்பை குறைக்கும். தண்ணி நிறைய குடிங்க, முடியலைன்னா படுத்துக்கிட்டே கொடுங்க, ஆனா தூக்கம் சொக்குதுன்னா பக்கத்துல ஒருத்தரை முழிச்சிருக்க சொல்லுங்க. குழந்தை உடம்பு சூடு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா, அல்லது பால் குடிக்க மறுத்தா, எழுப்பினாலும் சோர்ந்தே இருந்தா, மூச்சு வேகமா வாங்கினா, வழக்கத்தை விட ஒண்ணுக்கு குறைவா போனா, இந்த வயசுல வீட்டுல வெச்சு பார்க்கிற வேலையே வேண்டாம், எந்த நேரமா இருந்தாலும் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, போற வழியிலயும் கேட்டா பால் கொடுங்க.